கரையேறிய பின் தெரியும் கெட்டிக்காரத்தனம்

அரிசோனாவின் லேக் ஹவாசு ஏரியில் மணிக்கு 100 மைலைத் தாண்டிப் பறக்கும் படகுகள் உண்டு. கூட்டம் வருவது அந்த வேகத்தைப் பார்க்க. எனக்கு அதைவிடப் பிடித்தது, அதே படகு டிரெய்லரில் ஏறி ரோட்டுக்கு வருமுன் நடக்கும் சில நிமிட வேலை.

இவற்றில் பலவற்றுக்கு இன்ஜின் உள்ளே. புரொப்பெல்லரைச் சுழற்றும் டிரைவ் பின்சுவருக்கு வெளியே. 1959-இல் வோல்வோ பென்டா சந்தைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது. அலையில் அடி தாங்கும் டிரைவின் அடிநுனியை, ரோட்டில் ஒரு மேடு உரசிக் கெடுத்துவிடும். அதனால் பொத்தானை அழுத்தி அதை மேலே தூக்கிவிடுகிறார்கள்.

தூக்கிப் பிடித்திருப்பது வெறும் எண்ணெய் அழுத்தம்தான். நெடுந்தூரக் குலுக்கலில் மெல்ல இறங்கலாம். விவரம் தெரிந்தவர், ஹைட்ராலிக் சிலிண்டரிலிருந்து பளபளவென்று நீண்டிருக்கும் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பை 'டக்'கென்று மாட்டுவார். பிறகு அழுத்தம் குறைந்தாலும் கம்பி உள்ளே போக வழியில்லை.

வீடு சேர்ந்ததும் டிரைவை மறக்காமல் இறக்கிவைக்க வேண்டும். தூக்கிய வாக்கிலேயே மாதக்கணக்கில் நின்றால், இன்ஜினையும் டிரைவையும் இணைக்கும் யுனிவர்சல் ஜாயின்ட்டை மூடிய ரப்பர் துருத்தி அப்படியே இறுகி, மடிப்பில் வெடிக்கும். அடுத்த முறை ஏரியில் இறங்கினால் அந்தக் கீறல் வழியே தண்ணீர் பேரிங்கைத் தேடி வரும். இன்ஜினின் குதிரைத்திறனை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். படகுக்காரரின் தரத்தை நான் பார்ப்பது அந்த ரப்பர் மடிப்பில்தான்.