சொற்பொழிவும் கிணறும்: ஒரு மதிப்பீடு

நகரமொன்றிலே சூழலின் நிலைபேறு குறித்துச் சொற்பொழிவுத் தொடரைத் திட்டமிடுவோர், முதலிற் பேச்சாளர் பட்டியலை வரைவதே வழக்கம். உலக வெப்பமுறலில் தொடங்கி உள்ளூரை இறுதியில் தொட்டுச்செல்லும் இவ்வொழுங்கு, கேட்போரை வெறும் பார்வையாளராக்கிவிடுகின்றது. பிரச்சினையே பேச்சாளரைத் தெரிவுசெய்தல் வேண்டும்.

யாழ்ப்பாண நகரை உதாரணமாகக் கொள்ளலாம். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக்கற் பாறையினூடாக இறங்கித் தேங்கும் மாரிமழையே கிணறுகளுக்கு ஆதாரம். அதே பாறையினூடாகவே மலசலகூடக் குழிகளின் கசிவும் தோட்டங்களுக்கு இடும் உரத்தின் நைத்திரேற்றும் இறங்குகின்றன. அளவுமீறி இறைத்தால் உவர்நீர் புகுகின்றது. எனவே, நிலத்தடி நீரை ஆராய்பவர் முதலுரை நிகழ்த்தின், அடுத்த உரைகளைக் கமக்காரரும் மாநகரசபைப் பொறியியலாளரும் நிகழ்த்துதலே பொருத்தமாகும்.

நகருக்கு வடக்கேயுள்ள சுன்னாகத்தில், கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014, 2015 ஆம் ஆண்டுகளில் பெரும் பிரச்சினையாகி, 2019 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புவரை சென்றது. பொதுமக்களுக்கு அறிவியலில் நாட்டமில்லை என்னும் கூற்றை அது பொய்ப்பித்தது. இந்நீரைக் குடிக்கலாமா என்பதே அவர்தம் வினா. அத்தகைய வினாவுக்குப் பொறுப்புடையோர் மேடையிலேயே விடையளித்தலும், அவ்விடை அடுத்த கூட்டத்திற் பரிசீலிக்கப்படுதலும் திட்டத்தின் பகுதியாதல் வேண்டும். இன்றேல், தொடர் பொன்னாடையோடும் நன்றியுரையோடும் முடிந்துவிடும். கிணறு முன்போலவே இருக்கும்.