துரை சொன்ன சொல்லும் எங்கட சொல்லும்

நயினாதீவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி ஒரு மலாயன் பென்ஷனியர் இருந்தார். மலாயா றெயில்வேயில் கிளாக்கர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பின்னேரங்களில் வாப்பாவோடு திண்ணையில் இருந்து அந்த நாட்டுக் கதை சொல்வார். "மலாய்க்காரர் உங்கட மார்க்க ஆக்கள்தான், குறை நினைக்காதையுங்கோ. ஆனால் சரியான சோம்பேறியள். ஒரு நாள் மீன் பட்டால் மூன்று நாள் படுத்திருப்பாங்கள்." வாப்பாவும் சேர்ந்து சிரிப்பார். விடியமுதல் வள்ளத்தில் போகிற மனுசன், அது தனக்கும் வரக்கூடிய சொல் என்று நினைத்திருக்கமாட்டார்.

செய்யித் ஹுசைன் அலத்தாஸ் 1977இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை' என்ற நூலை வாசித்தபோது அந்தத் திண்ணைதான் நினைவில் வந்தது. மலாய், ஜாவா, பிலிப்பைன் மக்களைப் பற்றிக் காலனித்துவ அதிகாரிகள் எழுதிவைத்தவற்றை எடுத்து அவர் விசாரிக்கிறார். மலாய் விவசாயி தன் வயலில் உழைத்தான், கடலுக்குப் போனான். தோட்டத்திலும் ஈயச் சுரங்கத்திலும் கூலியாக நிற்கத்தான் மறுத்தான். அந்த மறுப்புக்கே சோம்பல் என்று பெயர் விழுந்தது. கடனாலும் ஒப்பந்தத்தாலும் கட்டுண்டு வந்த தமிழ், சீனக் கூலிகளுக்கு மறுக்க வழியில்லை. ஆகவே அவர்கள் 'உழைப்பாளிகள்' ஆனார்கள். எங்கள் பென்ஷனியர் அந்த ஆட்சியின் மேசையில் இருந்தவர். துரையின் சொல்லையும் பென்ஷனோடு ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்.

நூலின் இறுதிப் பகுதிதான் எனக்குப் பெரிது. மகாதீர் முகம்மது 1970இல் 'மலாய் இக்கட்டு' எழுதினார். வளமான மண்ணில் சோறு இலகுவாகக் கிடைத்தது, நெருங்கிய உறவுக்குள் கலியாணம் நடந்தது, அதனால் மலாய்க்காரர் பின்தங்கினர் என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. தன் மக்களுக்கு அரசு கைகொடுக்க வேண்டும் என்பதற்காகவே அவர் அப்படி எழுதினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் துரையின் தீர்ப்பைச் சொந்தத் தலைவர்களே திருப்பிச் சொன்னதை அலத்தாஸ் சும்மா விடவில்லை. அம்னோ கட்சி வெளியிட்ட 'மனப் புரட்சி' நூலுக்கும் அதே அடி.

இன்னொரு பழியும் உண்டு. ரிஸ்க்கு அல்லாஹ்வின் கையில் என்று நம்புவதால் மலாய் முஸ்லிம் முயல்வதில்லை என்று பார்க்கின்சன் என்ற ஆய்வாளர் 1967இல் வாதிட்டார். எங்கள் கடற்கரையிலும் 'ரிஸ்க்கு இருந்தால் படும்' என்பார்கள்தான். சொல்லிக்கொண்டே வலையையும் இறக்குவார்கள்! பொருளியல் பேராசிரியர் உங்கு அஸீஸ் வேறு விதமாகப் பார்த்தார். ஒரு வீட்டில் ஆளுக்கு எத்தனை சாரன் இருக்கிறது என்று எண்ணி வறுமையை அளந்தார். சேமிக்கத் தெரியாதவர்கள் எனப்பட்ட அதே கிராமத்தவர்கள் வட்டிக்கு அஞ்சி வங்கிக்குப் போகாமல், ஹஜ்ஜுக்காக வீட்டிலேயே காசு சேர்த்ததைக் கண்டார். 1959இல் அவர் எழுதிய திட்டத்திலிருந்துதான் 1963இல் ஹஜ் சேமிப்பு நிறுவனம் பிறந்தது. இன்றைய தாபுங் ஹாஜி அதுதான்.

அலத்தாஸிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதிகாரிகளின் ஏடுகளே அதிகம் பேசுகின்றன. மீனவனின் குரலும் பெண்களின் உழைப்பும் போதிய அளவு கேட்கவில்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். அதற்கு முன்பே நாங்கள் யாழ்ப்பாணம் சோனக தெருவுக்கு மாறியிருந்தோம். புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் வீடுகளையும் திறந்துவிட்டார்கள், அதை மறக்க முடியாது. வருடங்கள் போக, "ரேஷனுக்குப் பழகிட்டுதுகள்" என்ற பேச்சும் வந்தது. அப்போது எங்கள் பெண்கள் கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மற்றவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முகாம் கூட்டமொன்றில் எங்கட ஆக்களின் மனப்பான்மை மாறவேண்டும் என்று நானும் அரைமணித்தியாலம் பேசினேன். முடிந்ததும் ஒரு மாமி கிட்ட வந்தா. "தம்பி, தையல் மெசினை அங்க விட்டிட்டு வந்தனாங்கள். ஒரு மெசினுக்கு வழி பண்ணித் தாங்கோ. மனப்பான்மையைப் பிறகு பாப்பம்." நான் அன்று பேசியதற்கும் திண்ணைக் கதைக்கும் இடையில் வித்தியாசம் தேடிப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை.

இந்நூலை எடுக்கும் வாசகர்கள் இறுதிப் பகுதியை முதலில் வாசியுங்கள். துரைமாரைப் பற்றிய பகுதி எங்களுக்குச் சுகமாக இருக்கும். அதைப் பிறகு வாசிக்கலாம்.