கல், சுதை, கோடு

சில்பியை நம் வட்டத்தில் யாரும் பொருட்படுத்திப் பேசுவதில்லை. விகடனில் வரைந்தவர் என்ற ஒரு காரணமே நமக்குப் போதுமானதாக இருந்துவிட்டது. 'தென்னாட்டுச் செல்வங்க'ளில் தேவனின் குறிப்போடு வந்த அந்தப் படங்களைக் கிழித்து பைண்டு செய்து வைத்த வீடுகள் உண்டு. பக்தர்கள் பாதுகாத்ததை விமர்சகன் பார்க்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை.

1919இல் பிறந்து 1983இல் மறைந்த சில்பி, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். அவர் கோட்டின் நிதானம் அசாத்தியமானது. ஆனால் அந்தக் கோட்டில் எல்லாக் கல்லும் ஒரே கல். பல்லவன் வேலையும் நாயக்கன் வேலையும் ஒரே பட்டறையிலிருந்து வந்தவைபோல ஒரே வழுவழுப்பு. என் குறை இது ஒன்றுதான்.

திருத்தணியில் கூட்டம் மலை ஏறிவிடுகிறது. கீழே நந்தியாற்றங்கரையில் வீரட்டானேசுவரர் கோயில் வெறிச்சென்று கிடக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அபராஜித பல்லவன் காலத்தில், நம்பி அப்பி என்பவன் எடுப்பித்தது. அவனைப் புகழும் வெண்பா அரசனே பாடியது என்கிறது கல்வெட்டு. யானையின் பின்புறம்போல் வளைந்த தூங்கானை மாடம். முழுக்கக் கருங்கல். இங்கே பேனா போதும். வங்கி விடுமுறை நாட்களில் உட்கார்ந்து கிறுக்கிப் பார்த்திருக்கிறேன்: கபோதத்துக்கு அடியில் விழும் நிழலுக்கே ஒரு விளிம்பு இருக்கிறது.

ழூவோ துப்ராய்க்கும் விளிம்புதான் வேண்டியிருந்தது. 1914இல் வந்த அவர் நூல், தூண் தலைமேல் இருக்கும் போதிகையின் பக்கவாட்டு வடிவத்தைக் கொண்டே காலத்தைப் பிரித்தது. பல்லவனிடம் வளைந்து சுருள்வது, சோழனிடம் கோணமாக வெட்டுப்பட்டு, விஜயநகரத்தில் பூமொட்டாய்த் தொங்குகிறது. இதற்குக் கரியும் வர்ணமும் எதற்கு?

காஞ்சி கைலாசநாதரிடம் இந்த வாதம் உடைந்துபோகிறது. ராஜசிம்மன் கட்டிய அக்கோயிலின் அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல், அதன்மேல் வெவ்வேறு காலத்துச் சுதைப் பூச்சு, சிற்றறைகளில் ஓவியத் துணுக்குகள். இன்று கண்காட்சிகளில் 'மிக்ஸட் மீடியா' என்று சீட்டு ஒட்டி, கோபுரப் படத்தில் ஆற்று மணலையும் தங்கத் தாளையும் அப்புகிறார்கள். எந்தக் கோபுரம் என்று கேட்டால் பதில் வராது. கலப்பு ஓவியனின் சௌகரியத்துக்காக வருகிறது. கட்டடம் கேட்டு வருவதில்லை. கைலாசநாதர் கேட்கிறார்.

அங்கே தூணடியில் எழுந்து நிற்கும் சிங்கங்களைப் பாருங்கள். பல்லவத் தச்சன் செதுக்கிய மணற்கல் உதிர்ந்திருக்கிறது. பின்னால் வந்த கொத்தன் அதன்மேல் சுதையால் ஒரு முகம் வைத்திருக்கிறான், கொஞ்சம் உப்பலாக, கொஞ்சம் அசட்டுத்தனமாக. ஒரே மையில் வரைந்தால் இரண்டு பேரும் ஒருவராகிவிடுகிறார்கள். சுதையைப் பேனாவிலும் கல்லைக் கரியிலும் போட்டால் இரண்டு கைகளும் தாளில் தனித்தனியே தெரியும். கரி விரலில் ஒட்டிக் கலையுமே என்றால், கலையட்டும். அந்த மணற்கல்லும் தொட்டால் விரலில் ஒட்டுகிறது.