கொடி பாடியவரும் கூலி கேட்டவரும்

அமெரிக்கப் பாடலாசிரியரும் நாடகத் தயாரிப்பாளருமான ஜோர்ஜ் எம். கோகனின் வாழ்க்கையைச் சித்திரிக்கும் ‘யாங்கி டூடில் டான்டி’ என்னும் திரைப்படம் 1942 இல் வெளிவந்தது. மேடையில் வளர்ந்த சிறுவன், புகழ்பெற்ற கலைஞன், ஜனாதிபதியிடம் பதக்கம் பெறும் முதியவர் என அவரைப் படிப்படியாக உயர்த்திச் செல்லும் அப்படத்தில், 1919 ஆம் ஆண்டின் நடிகர் வேலைநிறுத்தத்துக்கு மாத்திரம் இடமில்லை. விடுபட்ட அந்தப் பக்கத்திலிருந்தே கோகனை நோக்குதல் தகும்.

அவருடைய சாதனையை மறுப்பது நேர்மையான விமர்சனமாகாது. 1878 இல் பிறந்த கோகன், தந்தை, தாய், தமக்கை ஆகியோருடன் ‘நான்கு கோகன்கள்’ என்ற பெயரில் ஊரூராகச் சென்று ஆடிப்பாடியவர். ஐரோப்பியச் சீமான்கள் உலாவிய இசைநாடக மேடைக்கு நியூயோர்க் தெருவின் பேச்சையும் வேகத்தையும் கொணர்ந்தவர். 1904 இல் அரங்கேறிய ‘லிட்டில் ஜோனி ஜோன்ஸ்’ நாடகத்தின் நாயகன் பிரபு அல்லன். பந்தயக் குதிரை ஓட்டுபவன். சாமானியனை மேடையின் நடுவே நிறுத்தியது சிறிய காரியமன்று. ஆயின் அச்சாமானியனின் கையில் அவர் கொடுத்தது பெரும்பாலும் கொடி ஒன்றே. 1917 இல் அமெரிக்கா உலகப் போரில் இறங்கியதும் எழுதிய ‘ஓவர் தேயர்’ துள்ளலான பாட்டு. கடல் கடந்து செல்லும் இளைஞன் யாருக்காகச் செல்கிறான் என்ற கேள்வி அதன் மெட்டைத் தடுப்பதேயில்லை.

இதற்குள் அவர் சாம் ஹரிஸுடன் கூட்டுச் சேர்ந்து முதலாளியாகியிருந்தார். அக்கால நடிகரின் நிலை யாது? ஒத்திகை வாரக்கணக்கில் நீளும், அதற்குச் சம்பளமில்லை. உடுப்புகளைப் பலர் தம் பணத்திலேயே வாங்கவேண்டும். தூர ஊரில் நாடகம் நின்றுபோனால் திரும்புவதற்கான பயணச் செலவும் அவர்கள் தலையிலேயே விழும். 1913 இல் தோன்றிய ‘எக்குவிற்றி’ என்னும் நடிகர் சங்கம் 1919 ஆகஸ்டில் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. மேடைத் தொழிலாளரும் இசைக்கலைஞரும் உடன்நின்றனர். ஒரு மாதத்தில் தயாரிப்பாளர்கள் பணிந்தனர். கோகன் மட்டும் பணியவில்லை. சங்கத்துக்கு எதிராக எழுந்த போட்டி அமைப்புக்கு ஆதரவளித்தார். நடிகர் நண்பர்கள் கூடும் கழகங்களிலிருந்தும் விலகினார். மறு ஆண்டு ஹரிஸுடனான கூட்டும் முறிந்தது.

அவர் கஞ்சரல்லர். நலிந்த கலைஞருக்குக் கைதிறந்து கொடுத்தவர் என்றே அறிந்தோர் கூறுவர். சிக்கலும் அங்கேயே இருக்கிறது. நாடகக்குழுவை அவர் குடும்பமாகக் கண்டார். குடும்பத்தில் தந்தை கொடுப்பார், பிள்ளைகள் ஒப்பந்தம் கேட்பதில்லை! ஆனால் ‘நான்கு கோகன்கள்’ உழைத்த பணம் ஒரே வீட்டுக்கு வந்தது. கோகன்–ஹரிஸ் நிறுவனத்தின் நடிகர் உழைத்த இலாபமோ வேறொருவர் வீட்டுக்குப் போயிற்று. இந்த வேறுபாட்டை அவர் இறுதிவரை காணவில்லை. தயாளத்தை ஏற்றுக்கொண்டவர்கள் உரிமையைக் கேட்டபோது அதை நன்றிகேடாகவே கொண்டார்.

பின்னரும் அவர் சங்கத்தில் சேரவில்லை. எனினும் 1933 இல் யூஜின் ஓ’நீலின் நாடகத்திலும், 1937 இல் ரூஸ்வெல்ட்டாக வேடமிட்ட இசைநாடகத்திலும் அவர் நடிப்பதற்குச் சங்கம் தடையாக நிற்கவில்லை. 1942 நவம்பரில் காலமானார்.

அத்திரைப்படத்தில் கோகனாக நடித்தவர் ஜேம்ஸ் காக்னி. படம் வெளிவந்த அதே ஆண்டில் அவர் திரைநடிகர் சங்கத்தின் தலைவராகத் தெரிவுசெய்யப்பட்டார்.