குளம் பாடியவரும் குடம் ஏந்தியவளும்

செம்பட்டிச் சமவெளியில் நின்று படிக்கவேண்டும், தோழர்களே, புறநானூற்றின் 18ஆம் பாட்டை! வேள்வி செய், மழை பொழியும் என்று வேந்தர் காதில் ஓதியோர் பலர். குடபுலவியனாரோ, பாண்டியன் நெடுஞ்செழியனிடம், பள்ளம் கண்ட இடத்தில் நீரைத் தேக்கு என்றார். மறுமைச் செல்வம் எனும் தூண்டிலையும் வீசுகிறார். போகட்டும், மன்னர் செவி அதற்குத்தான் திறக்கும் போலும்! விதைத்துவிட்டு வானம் பார்க்கும் புன்செய், அரசன் முயற்சிக்கு உதவாது என்ற தெளிவுக்காகவே அவரைப் போற்றலாம்.

ஆனால், தேக்கிய நீர் யாருக்கு? அருகே ஆத்தூரில், காமராசர் நீர்த்தேக்கத்து நீர் திண்டுக்கல் நகரின் தாகம் தீர்க்கிறது, நல்லது. சிற்றூரின் குடம்? பாட்டிலே வேந்தன் புகழ் உண்டு. குடமேந்தி நிற்பவள் இல்லை. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய தமிழகச் சட்டத்திலும் அவள் இல்லை. கூரைநீரை மண்ணில் இறக்கு என்று கட்டடத்துக்கு உரியவருக்குக் கடமை விதித்ததோடு நின்றது அது. இறங்கிய நீர் எவருடையது? வெள்ளையராட்சி தந்த 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் விடை வைத்திருக்கிறது: தன் நிலத்தடி நீரைத் திரட்டிக்கொள்ளும் உரிமை நிலவுடைமையாளனுக்கு! அச்சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. செம்பட்டிக் கூலித்தோழனின் கூரையில் வழிந்த துளி, அடுத்த தோட்டத்து ஆழ்துளைக் கிணற்று மோட்டாரில் ஏறினால், அதைக் களவென்று சொல்ல அந்த ஏட்டில் ஒரு வரியும் கிடையாது.