எல்லையும் புள்ளியும்: செஞ்சிக் கோட்டையை முன்வைத்து இடஞ்சார் வினவல்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வரலாற்றிடங்களைத் தொகுக்கும் இணையத் தரவுத்தளங்கள் பலவற்றில், ஓர் இடம் என்பது அகலாங்கு, நெட்டாங்கு ஆகிய இரண்டு எண்களால் ஆன ஒற்றைப் புள்ளியாகவே பதிவு பெறுகிறது. இம்முறை நிலப்படத்தில் ஓர் அடையாளத்தைக் காட்டப் போதுமானது. ஆயினும் சட்டமும் வரலாறும் எழுப்பும் வினாக்களுக்கு அது தவறான விடையைத் தருகிறது என்பதைச் செஞ்சிக் கோட்டையைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தொலைவு, அடக்கம், பெயர் என்னும் மூவகை வினவல்கள் இங்கு ஆராயப்படுகின்றன. எல்லை, காலம், சான்று ஆகிய மூன்றையும் தாங்கும் தரவு மாதிரியின் தேவை வலியுறுத்தப்படுகிறது.

திறவுச்சொற்கள்: செஞ்சி, இடஞ்சார் தரவுத்தளம், வினவல், பலகோணம், எல்லை, மரபுச் சின்னம்.

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சிக் கோட்டை, ‘இந்தியாவின் மராத்திய இராணுவ நிலவமைப்புகள்’ என்னும் தொகுதியின் ஓர் உறுப்பாக 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அத்தொகுதியிலுள்ள 12 கோட்டைகளுள் 11 மகாராட்டிரத்தில் உள்ளன. தமிழகத்தில் இருப்பது செஞ்சி ஒன்றே. இவ்வேற்புக்குப் பின் செஞ்சியைப் பற்றிய எண்ணிமப் பதிவுகள் பெருகுவது இயல்பு. அப்பதிவுகளில் இடம் எவ்வாறு குறிக்கப்படுகிறது, அவற்றை வினவும் ஆய்வாளர் எத்தகைய விடையைப் பெறுகிறார் என்பன இப்போதே எழுப்பப்பட வேண்டிய வினாக்கள் ஆகும். இவை கணினித் துறையினர்க்கு மட்டும் உரியவை எனக் கருதி வரலாற்றாய்வாளர் ஒதுங்கி நிற்பது பொருந்தாது. தரவு மாதிரி என்பதும் ஒருவகை வரலாற்று விளக்கமே. அவ்விளக்கம் பிழைபட்டால் அதன்மேல் எழும் வினவல்கள் யாவும் பிழைபடும்.

புள்ளி என்னும் எளிமை

செஞ்சியின் இருப்பிடம் ஏறத்தாழ வடக்கு அகலாங்கு 12.25 பாகை, கிழக்கு நெட்டாங்கு 79.42 பாகை எனக் குறிக்கப்படும். ஒரு தரவுத்தள அட்டவணையில் இவ்விரண்டு எண்களுக்கும் இரண்டு பத்திகளை ஒதுக்கிவிட்டால் இடப்பதிவு நிறைவுற்றதாகப் பலரும் கொள்கின்றனர். இவ்வெண்கள் இரண்டு தசம இலக்கங்களோடு நிற்கின்றன. அகலாங்கில் 0.01 பாகை என்பது தரையில் ஏறத்தாழ 1.1 கிலோமீட்டர். எனவே இப்பதிவு ஓர் ஊரைக் காட்டுமேயன்றி ஒரு வாயிலையோ குளத்தையோ காட்டாது. மறுபுறம், ஆறு தசம இலக்கங்களோடு எழுதப்படும் எண் ஒரு மீட்டரின் பத்திலொரு பங்கு வரையிலான துல்லியத்தைச் சுட்டுகிறது. பல கிலோமீட்டர் மதில் கொண்ட கோட்டைக்கு அத்துல்லியம் எதனைக் குறிக்கிறது என்னும் வினாவுக்கு விடையில்லை.

எண்களின் வரிசையும் கவனத்திற்குரியது. பேச்சிலும் நூல்களிலும் அகலாங்கை முதலில் கூறுவது வழக்கம். ஆனால் போஸ்ட்ஜிஸ் போன்ற இடஞ்சார் தரவுத்தள மென்பொருள்களும் ஜியோஜேசன் வடிவமும் நெட்டாங்கையே முதலில் எதிர்பார்க்கின்றன. வரிசையை மாற்றி உள்ளிட்டால் செஞ்சி ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால், ஸ்வால்பார்ட் தீவுகளின் பக்கம் சென்றுவிடும். இப்பிழை நிலப்படத்தில் உடனே கண்ணில் படும். ஆகவே அதனால் விளையும் தீங்கு குறைவு. கண்ணில் படாத பிழைகளே ஆய்வுக்குக் கேடு விளைப்பவை.

தொலைவு வினவல்

தொன்மையான நினைவுச்சின்னங்கள் குறித்த 1958ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் 2010இல் திருத்தப்பட்டது. அத்திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து எல்லாத் திசைகளிலும் 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதியாகும். அதன் வெளியெல்லையிலிருந்து மேலும் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகும். கோட்டையை அடுத்து வீடு கட்ட விழையும் ஒருவருக்கு இந்த 300 மீட்டர் வாழ்வியல் சார்ந்த அளவு. கோட்டைக்கும் அதுவே காப்பு. ‘இம்மனை எப்பகுதியில் அடங்குகிறது?’ என்னும் வினா, இடஞ்சார் வினவலின் தூய எடுத்துக்காட்டாகும்.

இவ்வினாவைப் புள்ளிப் பதிவிடம் கேட்டால் நிகழ்வது யாது? புள்ளி இராசகிரியின் உச்சியில் இடப்பட்டுள்ளது எனக் கொள்வோம். அதனை மையமாகக் கொண்ட 300 மீட்டர் ஆரமுடைய வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1.9 கிலோமீட்டர். செஞ்சிக் கோட்டையின் மதிற்சுற்றோ சுமார் 13 கிலோமீட்டர் எனப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. ஆகவே அவ்வட்டத்தால் கோட்டையைச் சூழவே இயலாது. அதற்கு வெளியேயுள்ள மனைகளைத் தொடுவது எங்ஙனம்? கோட்டை மதிலை ஒட்டி நிற்கும் மனைக்கும் ‘தடையில்லை’ என்னும் விடையே கிட்டும். புள்ளியை நகரின் பக்கம் நகர்த்தினால், தடைக்கு உட்படாத மனைகள் தடைக்கு உட்படும். சட்டம் எல்லையிலிருந்து அளக்கச் சொல்கிறது. செயலியோ மையத்திலிருந்து அளக்கிறது. கணக்கீட்டில் பிழை இல்லாதபோதும் விடை பிழையாவதற்கு இதுவே காரணம்.

எல்லையைப் பலகோணமாகப் பதிந்த பின்னும் அளவலகுச் சிக்கல் எஞ்சுகிறது. உலக ஆயங்களுக்கு வழங்கும் 4326 என்னும் குறியெண்ணுடைய முறைமையில் அலகு பாகையே. அம்முறைமையிலுள்ள சமதள வடிவங்களிடம் ‘100 தொலைவுக்குள் உள்ளவை எவை?’ என வினவினால், தரவுத்தளம் அதனை 100 மீட்டர் எனக் கொள்ளாது. 100 பாகை எனவே கொள்ளும். தமிழகத்து மனைகள் அனைத்தும் விடையாக வந்து சேரும். புவியின் வளைவைக் கணக்கில் கொள்ளும் தரவு வகையைப் பயன்படுத்துவதோ, செஞ்சி அடங்கும் 44ஆம் வடக்கு யூடிஎம் மண்டலத்துக்கு வடிவத்தை மாற்றி மீட்டரில் அளப்பதோ இதற்குத் தீர்வாகும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. பாதுகாக்கப்பட்ட எல்லை மதிலின் கோட்டோடு எல்லா இடத்தும் ஒன்றியிருக்க வேண்டும் என்பதில்லை. அரசின் அறிவிக்கையே சட்ட எல்லைக்குச் சான்று; செயற்கைக்கோள் படத்தில் தெரியும் மதில் வரலாற்று எல்லைக்குச் சான்று. இரண்டையும் ஒரே பலகோணமாக்கிப் பதிவது புள்ளிப் பிழையை வேறோர் உருவில் மீண்டும் செய்வதாகும்.

அடக்க வினவல்

‘இதற்குள் அடங்குபவை எவை?’ என்பது இரண்டாம் வகை வினவல். இலட்சக்கணக்கான பதிவுகளில் இதற்கு விரைந்து விடை காண, அன்டோனின் கட்மன் 1984இல் முன்வைத்த ஆர்-மர அமைப்பு அடிப்படையாக விளங்குகிறது. ஒவ்வொரு வடிவத்தையும் சூழும் செவ்வகத்தைக் கொண்டு முதலில் தோராயமாக வடிகட்டி, எஞ்சியவற்றை மட்டும் உண்மை வடிவத்தோடு ஒப்பிடுவது இதன் நெறி. விரைவு கருதி முதற்படியோடு நின்றுவிடும் செயலிகளும் உண்டு.

செஞ்சியின் அமைப்பு இக்குறையைத் தெளிவாகக் காட்டுகிறது. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதில்கள் இணைப்பதால் கோட்டையின் வடிவம் ஏறத்தாழ முக்கோணமாகும். ஒரு முக்கோணம் தன்னைச் சூழும் செவ்வகத்தின் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை என்பது வடிவியல் உண்மை. எனவே செவ்வகத்தோடு நின்றுவிடும் வினவலில், கோட்டைக்குள் இருப்பதாகக் காட்டப்படும் பரப்பில் பாதியளவு கோட்டைக்கு வெளியிலுள்ள நிலமாகவே அமையும்.

அடக்க வினவலின் மற்றொரு வகை ஆட்சி எல்லை சார்ந்தது. விழுப்புரம் மாவட்டம் 1993இல் தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. அதனால் பழைய கல்வெட்டு ஆண்டறிக்கைகள் செஞ்சி வட்டாரக் கல்வெட்டுகளைத் தென்னார்க்காட்டுக்கு உரியனவாகவே குறிக்கின்றன. மாவட்டத்தை வெறும் பெயராகப் பதிந்த தரவுத்தளத்தில் ‘விழுப்புரம்’ எனத் தேடும் மாணவருக்கு அவை கிட்டுவதில்லை. இடத்தை வடிவமாகப் பதிந்து இன்றைய எல்லையோடு ஒப்பிட்டால் அவை கிட்டும். ஆனால் அங்கும் ஒரு சிக்கல் உண்டு. 2019க்கு முன் எழுதப்பட்ட ஆய்வேடு ஒன்று திருக்கோவிலூர்க் கல்வெட்டுகளை விழுப்புரம் மாவட்டத்தில் வைத்து எண்ணியிருக்கும். இன்றைய எல்லையால் வினவினால் அவை கள்ளக்குறிச்சிக்குச் சென்றுவிடும். எண்ணிக்கை குறைந்ததற்குக் காரணம் கல்வெட்டுகள் அழிந்தமை அன்று. வினவலில் ஆண்டு இடம்பெறாமையே ஆகும். ஆட்சி எல்லைகள் ஒவ்வொன்றும் தொடங்கிய நாளும் முடிந்த நாளும் பெற்றிருந்தாலன்றி இவ்விரு விடைகளையும் ஒருங்கே பெற இயலாது.

பெயர் வினவல்

செஞ்சியைக் கைக்கொண்ட ஆட்சிகள் தத்தம் பெயர்களையும் இட்டன. பீஜப்பூர் ஆட்சியில் பாதுஷாபாத் எனவும், 1698இல் கோட்டையைக் கைப்பற்றிய முகலாயரிடம் நுஸ்ரத்கட் எனவும் அது வழங்கியது. ஐரோப்பியர் ஏடுகளில் ஜிஞ்சி என்பதன் பல எழுத்துவடிவங்கள் காணப்படுகின்றன. பெயர்ப் பத்தி ஒன்றே உடைய அட்டவணை இவற்றுள் எதனை ஏற்கும்? மாற்றுப் பெயர்களை ஒரே பத்தியில் காற்புள்ளியிட்டு அடுக்குவது தேடலுக்கு உதவும், வரலாற்றுக்கு உதவாது. எப்பெயர், யாரால், எக்காலத்தில் வழங்கியது என்பது அவ்வடுக்கில் மறைந்துவிடுகிறது.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. மேலச்சேரி என இன்று அறியப்படும் ஊர் ‘பழைய செஞ்சி’ எனவும் வழங்கும். ஓரிடத்துக்குப் பல பெயர்கள் இருப்பது போலவே ஒரு பெயர் இரண்டு இடங்களைச் சுட்டவும் கூடும். பெயரையே அடையாளமாகக் கொள்ளும் தரவுத்தளம் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும் இடர் உள்ளது.

மாற்று மாதிரி

இச்சிக்கல்கள் தமிழகத்துக்கு மட்டும் உரியன அல்ல. பண்டைய மத்தியதரைக்கடல் உலகின் இடங்களைத் தொகுக்கும் பிளேயடீஸ் என்னும் இணைய இடப்பெயரகம் இடம், அமைவு, பெயர் ஆகியவற்றைத் தனித்தனிப் பதிவுகளாகப் பிரிக்கிறது. அமைவும் பெயரும் தத்தமக்குரிய காலத்தையும் சான்றையும் பெறுகின்றன. ஓபன்ஸ்ட்ரீட்மேப் புள்ளியோடு கோட்டையும் பலகோணத்தையும் ஏற்கிறது. தமிழ்ச் சூழலில், எ. சுப்பராயலு சோழர் கால நாடுகளை நிலப்படங்களில் வகுத்துக் காட்டிய நூல் 1973இலேயே வெளிவந்தது. கல்வெட்டு ஊர்ப்பெயர்களிலிருந்து ஒரு பரப்பை மீட்டெடுக்கலாம் என்பதற்கு அந்நூல் முன்னோடி.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், சோழர் செப்பேடுகள் கொடைநிலத்தை ஒரு புள்ளியாகக் காட்டவில்லை என்பது தெளிவு. பெண்யானையை நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, நாற்றிசை எல்லைகளையும் வாய்க்கால், வழி, அயலூர் ஆகியவற்றால் வரிசைப்படுத்தி அவை எழுதின. இன்றைய பலகோணமும் எல்லையின் முனைகளை வரிசையாகச் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே முடிக்கும் பதிவே. எல்லையை யார் காட்டினர், யார் எழுதினர் என்பதையும் செப்பேடுகள் விடுவதில்லை. அவ்வகையில், சான்றோடு கூடிய எல்லைப் பதிவு தமிழ் ஆவண மரபுக்குப் புதிதன்று. புள்ளிப் பதிவே அம்மரபிலிருந்து விலகியது எனலாம்.

எதிர்வாதமும் மறுமொழியும்

எல்லை வரைவது உழைப்பும் பொருளும் வேண்டுவது. பல தொல்லிடங்களுக்கு எல்லையே தெரியாது. அங்கெல்லாம் பலகோணம் வரைவது இல்லாத உறுதியைக் காட்டுவதாகும் என்பது இதற்கு எதிராக முன்வைக்கத்தக்க வாதம். இவ்வாதத்தின் பிற்பகுதி முற்றிலும் ஏற்புடையது. சிதைந்து கிடக்கும் ஒரு குடியிருப்பு மேட்டுக்குக் கூர்மையான கோட்டை வரைவதைவிட, ‘இப்புள்ளியிலிருந்து 500 மீட்டருக்குள்’ எனப் பிழைவரம்போடு எழுதுவதே நேர்மை. ஆயினும் இவ்வாதம் செஞ்சிக்குப் பொருந்தாது. மதிலோடு நிற்கும் கோட்டைக்கு எல்லை கண்முன் உள்ளது. தெரியாத எல்லையை வரைவது எத்துணைப் பிழையோ, தெரிந்த எல்லையைப் புள்ளியாகச் சுருக்குவதும் அத்துணைப் பிழையே. இரண்டுக்கும் பொதுவான தீர்வு, பதிவின் வகையையும் ஆதாரத்தையும் பிழைவரம்பையும் பதிவோடு சேர்த்தே சேமிப்பதாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு:

• புள்ளிப் பதிவு இடத்தைச் சுட்டும். பரப்பு குறித்த வினாவுக்கு விடை தராது.

• சட்ட எல்லையும் வரலாற்று எல்லையும் தனித்தனி வடிவங்களாகப் பதியப்பட வேண்டும்.

• ஆட்சி எல்லைகளுக்கும் பெயர்களுக்கும் காலவரையறை இன்றியமையாதது.

• ஆய்வேடுகளில் ஆயங்களை வெளியிடுவோர் அவற்றின் வரிசை, ஆய முறைமை, பெற்ற வழி, பிழைவரம்பு ஆகியவற்றையும் வெளியிட வேண்டும்.

இவற்றுள் இறுதியானது மென்பொருள் வல்லுநரை எதிர்பாராமல், ஆய்வாளர் ஒவ்வொருவரும் இன்றே தொடங்கத்தக்கது. களப்பணியில் ஒரு கல்வெட்டின் வாசகத்தை எழுத்துப் பிசகாது படியெடுக்கும் கவனம், அது நிற்கும் இடத்தைப் பதிவதிலும் வேண்டும். அக்கவனம் இல்லாத பதிவை எத்துணைத் திறமையாக வினவினாலும், கிடைக்கும் விடை செஞ்சியைப் பற்றியதாக இராது; செஞ்சி எனப் பெயரிடப்பட்ட ஒரு புள்ளியைப் பற்றியதாகவே இருக்கும்.