குத்தூசி வாங்கிய கதை

ஆடிச் சாரலில் புளியறைக்குப் போயிருந்தேன். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று குடையைப் புரட்டிப் போட்டது. நான் வழுக்கி ஒரு எட்டு வைத்ததில் தோல் செருப்பின் வார் பிய்ந்தது. சோதனைச்சாவடிப் பக்கம், கேரளாவுக்குப் போகிற லாரிகளின் வரிசையை ஒட்டி, படுதாவுக்கு அடியில் ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார். "இங்கன குடுங்க தம்பி" என்று வாங்கிக்கொண்டார்.

அவர் கையில் இருந்தது ஒரே ஒரு குத்தூசி. மரப்பிடி, அதில் செருகிய கம்பி, கூர்முனைக்குச் சற்று மேலே சின்னதாய் ஒரு வெட்டு. தோலைக் குத்தி முனை அடியில் எட்டிப் பார்த்ததும் மெழுகு தேய்த்த நூலை அந்த வெட்டில் மாட்டினார். ஊசியை இழுக்க, நூல் வளையமாக மேலே வந்தது. வளையத்துக்குள் மறுநுனியைக் கோத்து இரண்டு கையாலும் ஒரு இழு! தையல் பூட்டிக்கொண்டது. தையல் மிஷின் ஊசியும் பாபினும் சேர்ந்து போடுகிற அதே பூட்டு!

எனக்கு மலைப்பே அங்கேதான் தொடங்கியது. டிரில் போட்டால் தூள் கொட்டும். பஞ்ச் அடித்தால் வட்டமாய் ஒரு துண்டு விழும். குத்தூசியோ பொருளில் ஒரு துணுக்கைக்கூட எடுப்பதில்லை. இழைகளை ஒதுக்கிவிட்டு உள்ளே போகிறது. அது வெளியே வந்ததும் தோல் மறுபடி நெருங்கி நூலைக் கவ்விக்கொள்கிறது. என்ன அருமையான கருவி!

கல்யாண ஜாக்கெட்டில் பளபளக்கும் ஆரி ஒர்க்கும் இதன் வாரிசுதான். குஜராத்தின் கட்ச் பகுதியில் செருப்புத் தைக்கும் மோச்சிகள் தோலில் போட்ட தையலைத் துணிக்குக் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் மூட்டையில் செருகி அரிசியின் மாதிரியை எடுக்கும் கருவிக்கும் குத்தூசி என்றே பெயர். 'விடுதலை' நாளிதழில் 'பலசரக்கு மூட்டை' என்ற பத்தியை எழுதிய குருசாமி தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயரும் குத்தூசி. மூட்டைக்கு ஏற்ற ஊசி!

அன்றே செங்கோட்டையில் இறங்கி ஒன்று வாங்கிவிட்டேன். பிள்ளையின் புத்தகப் பை, மாடியில் கிழிந்த தார்ப்பாய், பெல்ட்டில் கூடுதலாய் ஒரு துளை என்று வாரம் ஒரு வேலை அதற்குக் கிடைத்துவிடுகிறது. உள்ளங்கையில் பிடி உட்காரும்போது வருகிற சுகத்துக்காகவே வேலை தேடுகிறேன்.

அந்தச் செருப்பு இன்னும் என் காலில்தான். போன மாதம் வார் மறுபடி பிய்ந்தது. தாத்தா தைத்த இடம் அப்படியே இருக்கிறது; அதற்கு ஒரு விரல் மேலே. அதை நானே தைத்தேன்.